ஃபாரம், பிளேட், கிளிக்: அச்சகத்தின் மூன்று கணக்குகள்

'டெம்மி ஒன் பை எய்ட், 176 பக்கம், 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, உள்ளே சிங்கிள் கலர். அட்டை 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு, மல்டி கலர், மேட் லேமினேஷன். பெர்ஃபெக்ட் பைண்டிங். 500 பிரதி.'

சென்னையில் தங்கசாலையிலோ ராயபுரத்திலோ ராயப்பேட்டையிலோ, ஒரு புத்தகத்துக்கு அச்சுக்கூலி கேட்டால் துண்டுச்சீட்டில் ஏறக்குறைய இதைத்தான் எழுதித் தருவார்கள். பக்கம், பிரதி, உள்ளே, அட்டை ஆகியவற்றை விட்டால் மற்றதெல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். இதைப் பார்த்து மொழி கெட்டுவிட்டதே என்று வருந்துபவர்கள் உண்டு. அந்த வருத்தத்தைவிட அவசரமான சங்கதி இதில் இருக்கிறது. சீட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு கணக்கு நிற்கிறது. அந்தக் கணக்கு ஆப்செட்டுக்கு ஒன்று, டிஜிட்டலுக்கு ஒன்று, ஃப்ளெக்ஸுக்கு இன்னொன்று. சொற்களோ மூன்றுக்கும் பொதுவாகப் புழங்குகின்றன. வாடிக்கையாளருக்கும் அச்சகத்துக்கும் நடக்கும் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

176 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். அது 11 பதினாறு. தமிழ்ப் பதிப்பாளர்கள் புத்தகத்தைப் பக்கத்தால் அளப்பதற்கு முன்பே ஃபாரத்தால் அளந்தவர்கள். டெம்மித் தாள் 17½ அங்குலத்துக்கு 22½ அங்குலம். அதை எட்டாக மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். ஓரங்களை வெட்டிய பிறகு பக்கம் 5½ அங்குலத்துக்கு 8½ அங்குலம் நிற்கும். கிரவுன் தாள் என்றால் 15க்கு 20. பழைய மலிவுப் பதிப்பு நாவல்களின் அளவு. ஈய எழுத்துகளைப் பக்கம் பக்கமாகக் கோத்து இரும்புச் சட்டத்தில் இறுக்கிய காலத்தில், அந்தச் சட்டத்தில் அடங்கியதற்குப் பெயர் ஃபாரம். ஈயம் போய்விட்டது, சட்டமும் போய்விட்டது. கணக்கு மட்டும் நிற்கிறது. எழுத்தாளர் இரண்டு பக்க முன்னுரையைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து 176-ஐ 178 ஆக்கினால், இரண்டு பக்கத்துக்காகப் புதிய ஃபாரம் ஒன்று திறக்க வேண்டும். நாவலின் கடைசியில் வரும் வெற்றுத் தாள்களும் பதிப்பகத்தின் பிற வெளியீடுகள் பட்டியலும் பெரும்பாலும் இந்தப் பதினாறை நிரப்ப வந்தவைதான்.

தாள் கணக்கும் இங்கேயே தொடங்குகிறது. 11 ஃபாரம், 500 பிரதி என்றால் 5,500 டெம்மித் தாள். கடையில் விற்பது அதன் இரட்டை அளவான டபுள் டெமி. ஆக 2,750 தாள், அதாவது ஐந்தரை ரீம். ஒரு ரீம் இன்று 500 தாள். தஸ்தாவுக்கு 24 தாள், ரீமுக்கு 20 தஸ்தா என்று 480 கணக்குப் போட்ட காலம் பள்ளிக்கூட நோட்டு வாங்கிய பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். தடிமனுக்கான அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அது தடிமனே அல்ல; ஒரே 70 ஜி.எஸ்.எம்.மில் பொதபொதவென்று பருத்த தாளும் உண்டு, இறுக்கி அழுத்திய மெல்லிய தாளும் உண்டு. புத்தகத்தின் முதுகு எத்தனை மில்லிமீட்டர் வரும் என்பது பருமனைப் பொறுத்தது. அதை அளக்காமல் அட்டை வடிவமைத்தால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிந்து வரும்.

ஆண்டர்சன் தெருத் தாள் கடைக்காரர்கள் ஜி.எஸ்.எம். கூடச் சொல்லாமல் 'பதினெட்டு ஆறு' என்பார்கள். 58.5 செ.மீ.க்கு 91 செ.மீ. தாள், 70 ஜி.எஸ்.எம்., 500 தாள்: பெருக்கிப் பார்த்தால் ரீம் எடை 18.6 கிலோ. நம் புத்தகத்துக்கு ஐந்தரை ரீம் என்றால் 102 கிலோ, அதற்குமேல் வேஸ்ட்டேஜ். ரீமைத் தராசில் வைத்தால் ஜி.எஸ்.எம். உண்மையா என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்கிற வாடிக்கையாளர் வெகு குறைவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிட்டவர் பெயர் வரும் பக்கத்தைப் புரட்டினால் 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, ஆப்செட் அச்சு என்று இருக்கும். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லாரும் கையில் வைத்திருந்த வரி. எந்த வகுப்பிலும் யாரும் விளக்கியதில்லை. மேப்லித்தோ என்ற பெயரில் வரைபடமும் இருக்கிறது, லித்தோவும் இருக்கிறது. கரூரை அடுத்த காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. ஆந்திரத்து ராஜமுந்திரி ஆலைத் தாள் லாரியில் வந்தால், வடக்கேயிருந்து வரும் ஜி.என்.டி. சாலையில் புழலைத் தாண்டித்தான் சென்னைக்குள் நுழையும். வெளிநாட்டுத் தாளுக்கும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரும் பழைய ஆப்செட் இயந்திரங்களுக்கும் துறைமுகம் வாசல். வடசென்னைக்கு அச்சுத்தொழிலோடு உள்ள உறவில் பெரும்பகுதி இந்தப் போக்குவரத்துதான்.

ஆப்செட் என்ற சொல்லுக்கு வருவோம். கல்லில் எழுதி அச்சிடும் லித்தோ முறையை ஜெர்மானியர் அலோய்ஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் கண்டறிந்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் முழு ரகசியம். 1904-ல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவரின் லித்தோ இயந்திரத்தில் தாள் செல்லத் தவறியபோது உருவம் ரப்பர் உறையில் பதிந்தது; அடுத்து வந்த தாளின் பின்புறத்தில் அந்த ரப்பரிலிருந்து விழுந்த அச்சு, நேரடி அச்சைவிடத் துல்லியமாக இருந்தது. பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கு, பிளாங்கெட்டிலிருந்து தாளுக்கு: இன்றைய ஆப்செட் அவ்வளவுதான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தன் அச்சகத்துக்கு மறுதோன்றி அச்சகம் என்று பெயர் வைத்தது. ஒருமுறை தோன்றி, மறுபடி தோன்றுவது. ஆங்கிலப் பெயரைவிட இது வேலையைச் சரியாகச் சொல்கிறது என்பேன். ஆனால் அந்தப் பெயர் பலகையில் நின்றுவிட்டது. இயந்திரத்தின் அருகே போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது யோசிக்கத் தக்கது. தமிழ் அச்சுக்குப் புதிய சொல் ஆக்கும் வலு எப்போதும் இருந்தது. 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சாகிவிட்டது. 1712-13-ல் தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு காலத்து அச்சகம் தொடங்கியது. 1761-ல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றி வந்த அச்சு இயந்திரம் சென்னை வேப்பேரியில் பாதிரியார் ஃபப்ரீசியஸ் பொறுப்பில் ஓடியது. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் நிறுவியது வித்தியாநுபாலன யந்திரசாலை. அச்சுக்கூடம், யந்திரசாலை, அச்சாபீஸ், அச்சகம் என்று இடத்துக்கே நான்கு பெயர் மாறியிருக்கிறது. அச்சுக்கோப்பு, மெய்ப்பு, பிழைதிருத்தம் ஆகியவை இன்றும் உயிரோடு உள்ளன. கவனித்தால், உயிரோடிருப்பவை எழுத்தோடு தொடர்புடைய வேலைகளின் பெயர்கள். அவற்றைச் செய்தவர்கள் புலவர்களும் தமிழ் படித்தவர்களும். இயந்திரத்தோடு தொடர்புடையவை எல்லாம் கிரிப்பர், பிளாங்கெட், டேம்பனிங், ரெஜிஸ்டர். இவற்றை ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குக் கையால் காட்டிக் கொடுத்தார். நடுவில் புத்தகம் இல்லை, புலவரும் இல்லை. கலைச்சொல் அகராதி இயந்திர அறைக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது. பிந்திப் போன சொல்லுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. இதில் யாரையும் குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்த இயந்திர அறைச் சொற்களில் வடசென்னையின் காற்றும் தண்ணீரும் கலந்திருக்கின்றன. ஆப்செட் பிளேட்டில் உருவம் இல்லாத இடத்தைத் தண்ணீர் காக்க வேண்டும். உருவம் உள்ள இடத்தில் மை ஒட்ட வேண்டும். 'தண்ணி இங்க் பேலன்ஸ்' என்று மெஷின்மேன் சொல்வது இதைத்தான். தண்ணீர் குறைந்தால் வெள்ளை இடத்தில் சாயம் படரும், அது ஸ்கம்மிங். கூடினால் மை வெளுத்துப்போகும். இந்தத் தண்ணீரில் ஃபவுண்டன் சொல்யூஷன் கலந்து அமிலத்தன்மையை 4.5 முதல் 5.5 பி.எச். வரை நிறுத்துவார்கள். தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தால் இந்தக் கணக்கு குலைகிறது. சுண்ணாம்பு உருளைகளில் படிந்து மையை ஏற்கவிடாமல் செய்கிறது. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாக அறிந்த கதை. எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் போர்வெல் தண்ணீரை அப்படியே மெஷினில் ஊற்ற முடியாது. 1872 முதல் சென்னைக்குக் குடிநீர் தந்துவரும் புழல் ஏரி எட்டும் தூரத்தில் இருக்க, அச்சகங்கள் ஆர்.ஓ. தண்ணீருக்குக் காசு கொடுக்கின்றன.

காற்று இன்னும் பொல்லாதது. தாள் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் விரியும், விரியும்போது நார் ஓடும் திசைக்குக் குறுக்காகவே அதிகம் விரியும். இந்த நார்த்திசைக்குப் பெயர் கிரெயின். அச்சு அறையில் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் இருப்பது நல்லது என்பார்கள். கடலோரத்தில் குளிர்சாதனம் இல்லாத கொட்டகையில் அது நடக்கிற காரியமா? காலையில் சயானும் மஜெந்தாவும் ஓட்டிவிட்டு, மறுநாள் அதே தாளில் மஞ்சளும் கறுப்பும் ஓட்டினால் தாள் இரவோடு இரவாக வளர்ந்திருக்கும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. 'ரெஜிஸ்டர் அவுட்' என்பது இதுதான். இரண்டு நிற இயந்திரத்தில் இருமுறை ஓட்டும் அச்சகத்துக்கும் நான்கு நிறத்தையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் அச்சகத்துக்கும் கூலியில் வித்தியாசம் இருக்கிறதென்றால் அதற்குப் பாதிக் காரணம் இந்த ஈரம்.

தமிழுக்கு ரெஜிஸ்டர் அவுட் இன்னொரு விதத்தில் ஆபத்து. கறுப்பு எழுத்தைக் கறுப்பு மை ஒன்றிலேயே அடிக்க வேண்டும். வடிவமைப்பாளர் கவனிக்காமல் நான்கு நிறம் சேர்ந்த கறுப்பாக வைத்துவிட்டால், எட்டுப் பாயிண்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று மூன்று புள்ளிகளாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும் மொழியில் இது நிறப்பிழை அல்ல, எழுத்துப்பிழை.

நான்கு நிறம் என்பது சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் காட்டும் பளிச்சென்ற பச்சையும் நீலமும் இந்த நான்கு மைக்குள் அடங்காது. ஒரு கட்சிக்கொடியோ நிறுவனச் சின்னமோ ஒவ்வொரு முறையும் ஒரே நிறமாக வர வேண்டுமென்றால் அந்த மையைத் தனியே கலந்து ஐந்தாவது பிளேட் போடுவார்கள். அதற்கு ஸ்பெஷல் கலர் என்று பெயர். படத்தின் நுணுக்கத்துக்கு 300 டி.பி.ஐ. என்று எல்லாரும் மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். அந்த எண், அங்குலத்துக்கு 150 வரிப் புள்ளித்திரையின் இரட்டிப்பிலிருந்து வந்தது. நாளிதழ்த் தாளில் திரை 100 அல்லது அதற்கும் கீழே. அங்கே 200 தாராளம். வாட்ஸ்அப்பில் வந்த 1,600 பிக்சல் படம் 300 டி.பி.ஐ.-யில் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்றே அதிகமாக வரும். அதையே 10 அடி பேனரில் நீட்டினால் அங்குலத்துக்குப் பதின்மூன்று பிக்சல். ஆனாலும் பேனர் அழகாகவே தெரியும், ஏனென்றால் அதைச் சாலைக்கு அந்தப்பக்கம் நின்று பார்க்கிறோம்.

இனி பிளேட். ஃபிலிம் காலத்தில் பாசிட்டிவ் எடுத்து, மேசை விளக்கின்மேல் ஒட்டி, அலுமினியத் தகட்டில் ஒளி பாய்ச்சினார்கள். அந்த ஒட்டும் வேலைக்கு பேஸ்டிங், அதைச் செய்தவர் பேஸ்டர். இப்போது சி.டி.பி. இயந்திரம் கணினியிலிருந்து நேரே தகட்டில் எழுதுகிறது. பேஸ்டர் என்ற வேலை மறைந்துவிட்டது. நம் 176 பக்கப் புத்தகத்துக்கு டெம்மி மெஷினில் ஃபாரத்துக்கு இரண்டு வீதம் 22 பிளேட் வேண்டும். டபுள் டெமி மெஷினில் 'ஒர்க் அண்ட் டர்ன்' முறையில், ஒரே பிளேட்டில் பதினாறு பக்கத்தையும் வைத்து, தாளைத் திருப்பிப் போட்டு மறுபுறமும் ஓட்டி நடுவில் வெட்டினால் 11 பிளேட் போதும். பிரதி நூறானாலும் ஐயாயிரமானாலும் இந்தத் தகட்டுச் செலவு மாறாது. நிறமும் அழுத்தமும் சரியாகும் வரை ஓட்டித் தள்ளும் மேக் ரெடி தாளும் மாறாது. ஆப்செட்டின் பொருளாதாரம் முழுக்க இந்த மாறாத செலவில் அடங்கியிருக்கிறது.

டிஜிட்டலில் பிளேட் இல்லை. செஸ்டர் கார்ல்சன் 1938-ல் உலர் நகலெடுப்பைச் செய்து காட்டினார். 1959-ல் ஜெராக்ஸ் 914 சந்தைக்கு வந்தது. 1993-ல் பென்னி லாண்டாவின் இண்டிகோ இயந்திரம் திரவ மையோடு வந்து டிஜிட்டலை அச்சகத் தரத்துக்கு உயர்த்தியது. இங்கே கணக்கு கிளிக். தாளின் ஒரு புறம் இயந்திரத்தைக் கடந்தால் மீட்டரில் ஒரு கிளிக். 13க்கு 19 அங்குலத் தாளில் நம் புத்தகத்தின் நான்கு பக்கம் ஒரு புறம் அடங்கும். ஒரு பிரதிக்கு 22 தாள், 44 கிளிக். நூறு பிரதிக்கு 4,400. ஐந்நூறுக்கு 22,000. முதல் பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் ஒரே விலை. ஆப்செட்காரரிடம் பழகியவர் 'நூறுக்குப் பதில் இருநூறு அடித்தால் எவ்வளவு குறையும்?' என்று டிஜிட்டல் கடையில் கேட்டால் கடைக்காரர் விழிப்பது இதனால்தான். இன்னொரு நுணுக்கமும் உண்டு: சில இயந்திரங்களின் மீட்டர் ஏ3 அளவை இரண்டு கிளிக்காக எண்ணும். விலை பேசும்போது எந்த கிளிக் என்று கேட்காதவர், நூறு பிரதிக்கான பில்லில் 4,400-க்குப் பதில் 8,800 பார்த்து அதிர்ந்து போவார்.

இந்த இடத்தில் பெயரும் கணக்கும் பிரியும் வேடிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். தேர்வு வினாத்தாள், பிட் நோட்டீஸ் அடிக்க உதவும் ரைசோவை டிஜிட்டல் என்றே கடையில் சொல்வார்கள். ஆனால் அது உள்ளே ஒரு மாஸ்டரைத் துளையிட்டு, உருளையில் சுற்றி, மையை அதன் வழியே பிழிகிறது. மாஸ்டருக்கு ஒரு விலை, பிறகு பிரதி ஏறஏற மலிவு. பெயர் டிஜிட்டல், கணக்கு ஆப்செட். பத்துப் பிரதி வேண்டுமென்றால் ரைசோ நஷ்டம்; ஆயிரம் வேண்டுமென்றால் காப்பியர் நஷ்டம்.

டிஜிட்டலால் தமிழ்ப் பதிப்புலகில் நடந்த மாற்றம் பெரிது. 1,200 பிரதி அச்சிட்டுக் கிடங்கில் அடுக்கிவைத்த பதிப்பாளர் இன்று நூறோ இருநூறோ அடித்து, விற்றபின் மறுபடி அடிக்கிறார். இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்ற சொற்களுக்கு இதனால் பழைய மதிப்பு இல்லை. மாதத்துக்கு ஒரு பதிப்பு கண்ட நூல் மொத்தமே அறுநூறு பிரதி விற்றிருக்கலாம். வாசகருக்கு இதைத் தெளிவுபடுத்தும் கடமை பதிப்பாளருக்கு உண்டு என்பது என் எண்ணம். எண்ணிக்கையைப் பதிப்புப் பக்கத்தில் போடும் வழக்கம் திரும்ப வரலாம்.

கட்டுவேலைச் சொற்களில் அதிகக் குழப்பமில்லை. சென்டர் பின், பெர்ஃபெக்ட் பைண்டிங், நூல் தையல், கிரீசிங், டை பஞ்சிங்: கேட்டதுமே கை நினைவுக்கு வரும். டிஜிட்டல் டோனர் தாளின் மேலே படலமாக நிற்பதால், கிரீஸ் போடாமல் மடித்தால் அழைப்பிதழின் மடிப்பில் நிறம் வெடிக்கும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும். வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடாத கோப்பு எந்த இயந்திரத்தில் போனாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

அதிகம் சண்டை வரும் சொல் ப்ரூஃப். அச்சுக்கோப்புக் காலத்தில் கேலி ப்ரூஃப், பேஜ் ப்ரூஃப், மெஷின் ப்ரூஃப் என்று மூன்று நிலை இருந்தது. ஒவ்வொன்றிலும் திருத்துபவர் கையெழுத்திட்டார். கையெழுத்துக்குப் பின் வரும் பிழை யாருடையது என்பதில் ஐயமில்லை. இன்று பி.டி.எஃப். கைப்பேசிக்கு வருகிறது, பேருந்தில் நின்றபடி கட்டைவிரல் படம் ஒன்று பதிலாகப் போகிறது. அதுதான் கையெழுத்து. தமிழில் இதன் அபாயம் இரட்டிப்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், 1999-ல் வந்த டாம், டாப், இப்போதுள்ள யூனிகோடு என ஒவ்வொன்றுக்கும் குறியீடு வேறு. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் பழைய எழுத்துருக் கோப்புகள் அச்சகங்களில் தீரவில்லை. எழுத்தை 'கர்வ்' ஆக்கி அனுப்பினால் எழுத்து ஓவியமாகிவிடும், மாறாது; ஆனால் அதன்பின் ஒரு பிழையும் திருத்த முடியாது. கர்வ் செய்யும் முன்பா பின்பா மெய்ப்புப் பார்த்தோம் என்று கேட்காமல் ஓகே சொல்வது வீண் துணிச்சல்.

ஃப்ளெக்ஸில் எல்லாமே சதுர அடி. பிளேட் இல்லை, கிளிக் இல்லை, பக்கம் இல்லை. 10க்கு 8 என்றால் 80 சதுர அடி. விலையைப் பெருக்கினால் முடிந்தது. அச்சு என்று அங்கே யாரும் சொல்வதுமில்லை, 'ஃப்ளெக்ஸ் போடணும்' என்பார்கள். சட்டம் இதை ஒப்புக்கொள்வதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சு என்றால் என்ன என்பதையும் அதே பிரிவு வரையறுக்கிறது: கையால் எழுதிப் படியெடுப்பதைத் தவிர, படிகளைப் பெருக்கும் எந்த முறையும் அச்சுதான். ஆகவே ஜி.என்.டி. சாலையோரக் கடையில் சட்டமன்ற வேட்பாளருக்கு நூறு நோட்டீஸ் எடுத்துக் கொடுப்பவர், 'நாங்க பிரஸ் இல்ல சார், ஜெராக்ஸ் கடை' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அடியில் தன் கடைப் பெயரைப் போட்டாக வேண்டும்.